ஆங்கிலம் உணரவும் தமிழே வழி!

மேனிலைப் பள்ளியின் இறுதியாண்டு ஆங்கிலத் தேர்வில், பாடநூலில் இல்லாத உரைப்பகுதி ஒன்றைத் தந்து, அதனைப் படித்துணர்ந்து விடையெழுதுமாறு கேட்கின்றனர். முன்பின் கண்டிராத எழுத்தைத் தானே படித்துப் பொருள் காணும் ஆற்றல் ஒரு மாணவனுக்கு உண்டா என்பதை அளந்தறிவதே இவ் வினாவின் நோக்கம். நோக்கம் நன்று. ஆனால், அதற்கென நம் பள்ளிகள் பலவற்றிலும் தனிப்பயிற்சிக் கூடங்களிலும் நடப்பது யாது? உணர்வதற்கான பயிற்சியன்று, உணராமலேயே விடையெழுதித் தப்புவதற்கான பயிற்சியே!

"வினாவைப் பார், அதிலுள்ள சொல் உரைப்பகுதியில் எங்கு வருகின்றதெனத் தேடு, அவ் வரியை அப்படியே பெயர்த்தெழுது." இதுவே விடைக்கையேடுகள் ஓதும் மறைமொழி. இதன் வெறுமையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். "பொறுவன் நெடுவத்திற்குச் சென்று மூன்று தளிவம் கொணர்ந்தான்" என்பது ஒரு தொடர். பொறுவன் யார், நெடுவம் எது, தளிவம் என்ன என்று எவரும் அறியார். அவை நாம் புனைந்த பொருளற்ற சொற்கள். ஆயினும், "பொறுவன் எங்குச் சென்றான்? எத்தனை தளிவம் கொணர்ந்தான்?" என வினவினால், பத்து அகவைச் சிறுவனும் விடை கூறி முழு மதிப்பெண் பெற்றுவிடுவான். அவன் உணர்ந்ததோ ஒன்றுமில்லை! "அதனால் அவனுக்கு வந்தது ஊதியமா, இழப்பா?" என்று ஒரு வினாவைக் கூடுதலாகக் கேட்டால் போதும், வாயடைத்து நிற்பான். நம் பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்பு பெரிதும் இத் தளிவப் படிப்பாகவே இருக்கின்றது.

இக் கேடு தேர்வோடு முடிவதன்று. ஏர் பிடிப்பவர் மகனும் தறி நெய்பவர் மகளும் கல்லூரிக்குச் செல்கின்றனர். அங்கே தடித்த ஆங்கில நூல்கள். அவற்றின் பக்கங்களுக்குக் கீழே வினாக்களும் இல்லை. தேடிப்பிடிக்க வழிகாட்டும் சொற்களும் இல்லை. ஒரு பக்கத்தை மும்முறை படித்தும் அது கூறுவது விளங்காமல் திகைக்கின்றனர். தம்மையே அறிவிலிகள் என எண்ணிக் குன்றுகின்றனர். பெற்றோர் என்ன முடிவு செய்கின்றனர்? "தமிழ்வழியில் படிக்க வைத்ததாலன்றோ இந் நிலை!" என வருந்தி, அடுத்த பிள்ளையை ஆங்கிலவழியில் சேர்க்கின்றனர். 2012-13 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் திறக்கப்பெற்றன. அவ் வாயில் அவர்களுக்கு அண்மையிலேயே இருக்கின்றது. ஆங்கிலப் பாடத்தைப் பிழைபடக் கற்பித்த குற்றத்திற்குத் தமிழ்வழிக் கல்வி ஒறுக்கப்படுகின்றது!

ஆங்கிலவழி இந் நோயைத் தீர்க்குமா? தீர்க்காது, பரப்பும். ஆங்கிலம் என்னும் ஒரு பாடத்தில் இருந்த தளிவப் படிப்பு, அறிவியலுக்கும் கணக்கிற்கும் வரலாற்றிற்கும் தொற்றிக்கொள்ளும்.

மொழிகள் பல, ஆனால் உணரும் உள்ளம் ஒன்றே. ஒரு பத்தியின் கருவைக் காண்பதும், கரணியத்தையும் விளைவையும் பிரித்தறிவதும், சொல்லாமற் சொன்னதை உய்த்துணர்வதும் உள்ளத்தின் தொழில்கள். அவற்றை உள்ளம் தாய்மொழியிலேயே முதற்கண் பயில்கின்றது. கல்வியைத் தாய்மொழியில் தொடங்குவதே சிறந்ததென 1953-இல் யுனெசுகோ அமைப்பு அறிவித்தது. முதன்மொழியில் அடைந்த படிப்பாற்றல், இரண்டாம் மொழியோடு போதிய பழக்கமும் ஊக்கமும் வாய்க்குமாயின் அதற்கும் பெயர்ந்து செல்லும் என்னும் கருத்தை, கனடா நாட்டுக் கல்வியறிஞர் சிம் கம்மின்சு விரித்துரைத்தார்.

நம் முன்னோரே இதற்குச் சான்று. 1916-இல் தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலையடிகள் ஆங்கிலப் புலமையும் மிக்கவர். மொழிஞாயிறு பாவாணர் 1966-இல் தமிழின் முதன்மையை உலகிற்கு நாட்ட ஆங்கிலத்திலேயே நூல் எழுதினார். தனித்தமிழ் என்பது ஆங்கிலத்தைக் கண்டு அஞ்சி ஓடுவதன்று. அதைத் துணைமொழியாகக் கற்போம், பயிற்றுமொழியாக அரியணையேற்றோம். இதுவே நம் கொள்கை.

அவ்வாறாயின் இறுதியாண்டுப் பயிற்சி எவ்வாறு இருத்தல் வேண்டும்? மாணவன் முதலில் வினாக்களை மறைத்துவிட்டு உரைப்பகுதி முழுவதையும் படிக்கட்டும். பின் தாளை மூடிவைத்து, அது கூறுவதைத் தமிழில் மூன்று தொடர்களில் சொல்லட்டும். சொல்ல இயலவில்லையெனில் அவன் இன்னும் படிக்கவில்லை என்பதே பொருள், மீண்டும் படிக்கட்டும்.

எங்கே தடுமாறுகின்றான் என்பதை ஆசிரியர் அப்போது கண்டுகொள்ளலாம். "நேற்று வந்த பையன்" எனத் தமிழ், பெயரெச்சத்தைப் பெயருக்கு முன் நிறுத்தும். ஆங்கிலமோ பையனை முதலில் சொல்லி, "நேற்று வந்த" என்பதைப் பின்னால் தொங்கவிடும். இவ் வேறுபாட்டை ஒருமுறை தெளிவாகக் காட்டினால், நீண்ட தொடர்களின் முடிச்சு அவிழும். "அன்லெசு" என்னும் சிறு சொல் நம் "ஆலொழிய" என்பதற்கு நிகரானது. "மழை பெய்தாலொழியப் பயிர் பிழைக்காது" என்னும் கருத்தில் அச் சொல்லின் ஆற்றலை உணராதவன், "மழை பெய்தால் பயிர் பிழைக்காது" எனத் தலைகீழாகக் கொள்வான். "இட்" என வரும் சுட்டு முன்சொன்ன எப்பொருளைக் குறிக்கின்றதென ஒவ்வோரிடத்தும் கேட்க வேண்டும். அறியாத சொல்லுக்குச் சூழலை வைத்துப் பொருளை உய்த்தறிந்த பின்னரே அகரமுதலியைத் திறக்க வேண்டும். இவை யாவும் முடிந்தபின் வினாவைக் கண்டு, தன் சொந்த ஆங்கிலத்தில் விடை எழுதட்டும்.

"ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் ஆங்கிலம் வாராது" என்பர் சிலர். ஆங்கிலத்தைக் குறைவாகப் படிக்கச் சொல்லவில்லை நாம். நாள்தோறும் ஒரு பக்கமேனும் படிக்க வேண்டுமென்கிறோம். படித்தது உள்ளத்தில் இறங்கியதா என அளக்கும் கோலாகத் தமிழைக் கொள்க என்கிறோம். அளவுகோலை எறிந்துவிட்டு நெசவு செய்வார் உண்டோ?

தமிழ்வழிக் கல்விக்கு ஏற்பட்ட காப்புகள் சில உள. 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கிற்று. 2010-ஆம் ஆண்டின் சட்டம் தமிழ்வழியில் பயின்றார்க்கு அரசுப் பணிகளில் 20 விழுக்காடு ஒதுக்கிற்று. ஆனால் சட்டம் கதவைத்தான் திறக்கும். நடந்து செல்லக் கால்களில் வலிமை வேண்டும். அவ் வலிமையைத் தருவது படித்துணரும் ஆற்றலே.

எனவே, தமிழாசிரியர்களே! ஆங்கிலம் பயிற்றும் தமிழர்களே! இயக்க அன்பர்களே! உங்கள் ஊர் நூலகத்திலோ திண்ணையிலோ, இறுதியாண்டு மாணவர் ஐவரைக் கூட்டி, மாலையில் ஒரு மணிநேரம் அமருங்கள். ஒரு நாள் தமிழ்க் கட்டுரை. மறுநாள் ஆங்கிலப் பகுதி. படித்ததைத் தமிழில் சொல்லச் செய்யுங்கள். தமிழ்வழி மாணவன் ஆங்கிலப் பக்கத்தின் முன் தலைநிமிர்ந்து அமரும் நாளில், "தமிழ்வழி உதவாது" என்னும் பொய்யுரை தானே சாகும். மேடையில் முழங்கும் நூறு முழக்கங்கள் செய்யாததை, உணர்ந்து படிக்கும் ஒரு பிள்ளை செய்து காட்டுவான்!