நாய்க்குட்டி கொடுப்பவரிடம் எதை எதிர்பார்க்கலாம்: நாட்டு நாய் வளர்ப்போர் சங்கத்தின் நிலைப்பாடு

குட்டி வாங்கியவர்கள் எழுத்தில் கேட்டதற்கு எழுத்திலேயே பதில் தர வேண்டும் என்று செயற்குழு முடிவெடுத்ததால் இந்த அறிக்கை வருகிறது. வேடசந்தூர் முதல் நிலக்கோட்டை வரை ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை நாய்களை வளர்த்துக் குட்டி கொடுக்கும் நம் எல்லோரையும் இது கட்டுப்படுத்தும். சில இடங்களில் கருத்து ஒன்றுபடவில்லை. அங்கே பெரும்பான்மை முடிவை எழுதியிருக்கிறோம்.

குட்டி வளர்ந்தால் எவ்வளவு உயரம் நிற்கும், காவலுக்கு எப்படி இருக்கும், கண்காட்சியில் பரிசு வாங்குமா என்பதற்கெல்லாம் யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஒரே ஈத்தில் ஒன்று போல ஒன்று வராது. தோட்டக் காவலுக்கென்று வாங்கிப்போய், பகலெல்லாம் சங்கிலியில் கட்டி, வெறும் மோர்ச்சோறு ஊற்றிவிட்டு, எட்டாம் மாதம் ‘இது குரைக்கவே இல்லை’ என்று சண்டைக்கு வருவதை நாங்கள் ஏற்கவில்லை. கென்னல் கிளப் சான்றிதழ் குட்டியின் தாய்தந்தை யார் என்று சொல்லும், உடல்நலத்தைச் சொல்லாது. முதல் ஊசி மட்டும் பார்வோ வைரஸ் நோயைத் தடுத்துவிடாது. அடுத்தடுத்த ஊசிகள் வாங்கியவர் பொறுப்பு.

கொடுப்பவர் தாய்நாயை நேரில் காட்ட வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. ஒரு பெட்டைக்கு ஆண்டுக்கு ஓர் ஈத்து, ஆயுளில் ஐந்துக்கு மேல் கூடாது. 2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளே இதைச் சொல்கின்றன. வாங்கியவரால் வளர்க்க முடியாமல் போனால் இயன்றவரை நாயைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். 2024-இல் மாநில அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை நீதிமன்றம் வரை போனது. அதுபற்றிச் சங்கம் இப்போதைக்குக் கருத்துச் சொல்லவில்லை.

இனி குட்டிகளின் காது கேளாமை விஷயம். இதில் மழுப்ப எங்களுக்கு மனமில்லை.

ராஜபாளையம் என்றால் பால் வெள்ளை, ரோஸ் மூக்கு என்று கேட்டு வருகிறார்கள். இனத்துக்குரிய பொன்னிறக் கண்ணை விட்டுவிட்டு நீலக்கண்ணைத் தேடுகிறவர்களும் உண்டு. இவையெல்லாம் நிறமிக் குறைவின் அடையாளங்கள். உட்காதில் ஒலியை வாங்கும் மயிர்ச்செல்கள் பிழைத்திருக்க நிறமிச் செல்கள் வேண்டும். வெள்ளையோடு வெள்ளையையே சேர்த்துக்கொண்டு போனால் சில குட்டிகளுக்கு அந்த நிறமிச் செல்கள் உட்காதுக்குப் போய்ச் சேர்வதில்லை. பிறந்த சில வாரங்களுக்குள் அந்தக் காது நிரந்தரமாகப் போய்விடுகிறது. மருந்து கிடையாது. நம்மில் அனுபவமுள்ள ஒவ்வொருவருக்கும் இது தெரியும். தெரியாது என்று சொல்கிறவர் பொய் சொல்கிறார்.

கூட்டத்தோடு இருக்கும்வரை செவிட்டுக் குட்டியைக் கண்டுபிடிப்பது கடினம். கூடப்பிறந்தவை ஓடினால் அதுவும் ஓடும். தட்டு வைக்கும் அதிர்வில் அதுவும் எழுந்துவிடும். தனியே எடுத்து, தூங்கவிட்டு, நிழலோ காற்றோ படாமல் பின்னாலிருந்து கைதட்டிப் பார்க்க வேண்டும். முப்பதாம் நாளிலேயே குட்டியைத் தள்ளிவிடச் சிலர் காட்டும் அவசரத்துக்குக் காரணம் இதுதான். வாங்கிப்போனவர் ‘கூப்பிட்டால் வரமாட்டேன்கிறது’ என்று அதை அடிக்கிறார். தூக்கத்தில் தொட்ட பிள்ளையை அது திடுக்கிட்டுக் கடிக்கிறது. நான்குவழிச் சாலையோரத் தோட்டத்தில் ஹார்ன் சத்தம் கேட்காத நாய் எத்தனை நாள் உயிரோடு இருக்கும்? காது கேட்காது என்று தெரிந்தும் சொல்லாமல் விற்பதற்கு ஏமாற்று என்றுதான் பெயர். இந்த வரியை நீக்கச் சொல்லி வந்த திருத்தம் செயற்குழுவில் தோற்றது.

செவிட்டுக் குட்டியைப் பிறந்த ஈத்திலேயே கழித்துவிடுவது பழைய வழக்கம் என்று சில மூத்த உறுப்பினர்கள் வாதாடினார்கள். அவர்கள்மீது மரியாதை உண்டு. ஆனால் குட்டியைக் கொன்றுவிட்டு அதே கடுவனையும் அதே பெட்டையையும் மறுபடி சேர்த்தால் அடுத்த ஈத்திலும் அதுதான் பிறக்கும். ஒரு குட்டிக்குக் காது கேட்கவில்லை என்றாலும் அந்த ஜோடியை மறுபடி சேர்க்கக் கூடாது. ஒரு காது மட்டும் கேளாத நாய் கைதட்டலுக்குத் திரும்பிப் பார்க்கும். குறையைத் தன் குட்டிகளுக்கும் கொடுக்கும். ஆகவே அந்த ஈத்தின் மற்ற குட்டிகளையும் கூடுமானவரை இனப்பெருக்கத்துக்கு எடுக்க வேண்டாம். செவிட்டுக் குட்டிக்குக் கருத்தடை செய்து, குறையை எழுத்தில் சொல்லி, பணம் வாங்காமல், சுற்றுச்சுவர் உள்ள வீட்டுக்குக் கொடுக்கலாம். அப்படி ஆள் கிடைக்காவிட்டால் பிறப்பித்தவரே வைத்துக்கொள்ள வேண்டும்.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீலக்கண்ணுக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் இந்தக் குறையை வளர்க்கிறது. குட்டியைத் தனி அறையில் விட்டுக் கைதட்டிப் பாருங்கள். அதற்குக் கொடுப்பவர் சம்மதிக்கவில்லை என்றால் அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.

2005-இல் அஞ்சல்தலையில் வந்த இனம் ராஜபாளையம். 2020-இல் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் அதைப் பதிவு செய்தது. சைதாப்பேட்டை அரசு நாய்ப் பண்ணை மூடப்பட்டபின் நாட்டு நாய்கள் பெரும்பாலும் நம்மைப் போன்றவர்கள் கையில்தான் இருக்கின்றன. அந்தப் பொறுப்பை வைத்துக்கொண்டு ஊமைக் குட்டியைப் போல வாயை மூடிக்கொண்டிருக்க எங்களால் முடியாது.

இனிப் பிறக்கும் ஈத்து முதல், விற்கும் குட்டி ஒவ்வொன்றுக்கும் காது சோதித்த நாளும் முடிவும் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். மறைத்து விற்றது உறுதியானால் முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். விற்றவர் பெயர் உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கப்படும். குட்டி விலை பற்றிய தீர்மானம் அடுத்த பொதுக்குழுவுக்குத் தள்ளிவைக்கப்படுகிறது.

செயற்குழுவுக்காக,
தலைவர், செயலாளர்