படத்தில் இல்லாத சிரை

பாடநூற் படத்தில் இடது சிறுநீரகச் சிரை பெருந்தமனிக்கு முன்புறமாகக் கடந்து கீழ்ப்பெருஞ்சிரையைச் சேர்கிறது. எல்லா உடல்களிலும் அப்படித்தானா? இல்லை. கருவில் பெருந்தமனியைச் சுற்றிச் சிரை வளையம் ஒன்று உண்டு. பெரும்பாலும் அதன் பின்பாதி மறைந்துவிடும். சிலருக்கு முன்பாதி மறைந்து, சிரை தமனிக்குப் பின்னே ஓடும். வேறு சிலருக்கு வளையம் முழுதாகவே நின்றுவிடும்! வலப்புறத்திலோ ஒன்றுக்குப் பதில் இரண்டு, மூன்று சிரைகளும் இருப்பதுண்டு. பலர் இதை அறியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள். ஆனால் சிறுநீரக தானத்தின்போது, பின்னால் ஒளிந்த சிரை அறுபட்டால் குருதி பெருகும். ஆகவே மருத்துவர்கள் ஒவ்வொரு கொடையாளரையும் முன்னதாக ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார்கள். நாமோ செய்முறைத் தேர்வில் எதிரே உள்ள மாதிரியைப் பாராமல் (மதிப்பெண் போய்விடுமே!) மனப்பாடப் படத்தையே வரைகிறோம். கண்டதைக் கண்டபடி வரைபவனுக்கும் ஆசிரியப் பெருமக்கள் முழு மதிப்பெண் வழங்க வேண்டும்.