மூன்றாம் வகுப்புக்கு எதற்கு யந்திர மூளை?

புதுக் கல்வியாண்டு பிறக்கும் இந்தப் பருவத்தில், பிள்ளையை மூன்றாம் வகுப்பில் கொண்டுபோய் உட்கார்த்திவிட்டு, புத்தகத்துக்கும் சீருடைக்கும் பள்ளி வண்டிக்கும் பணம் கட்டிய ரசீதுகளைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வீடு திரும்பும் தகப்பனாருக்கு, மத்தியக் கல்வி அமைச்சகம் இவ்வருஷம் ஒரு விசேஷச் செய்தியை வைத்திருக்கிறது. 2026-27ஆம் கல்வியாண்டு முதல், மூன்றாம் வகுப்பிலிருந்தே, எட்டு வயதுப் பாலகர்களுக்குச் செயற்கை நுண்ணறிவும், அதனோடு கணினிச் சிந்தனை என்பதும் போதிக்கப்படும் என்பதே அது. 2025 அக்டோபர் மாதக் கடைசியில் சி.பி.எஸ்.இ.யையும் என்.சி.இ.ஆர்.டி.யையும், கேந்திரிய வித்யாலயா, நவோதயா ஸ்தாபனங்களையும் கூட்டி வைத்து ஆலோசித்தபின் வெளியான அறிவிப்பின்படி, பாடத்திட்டத்தை வகுக்கச் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் கார்த்திக் ராமன் தலைமையில் நிபுணர் குழு அமைக்கப்பட்டது. ஆசிரியர்களுக்கு ‘நிஷ்டா’ திட்டத்தின் வாயிலாகப் பயிற்சி உண்டென்றும் சொல்லப்பட்டது. குழுவினரின் பாண்டித்தியத்தைப் பற்றி எனக்கு லவலேசமும் சந்தேகமில்லை. அவர்கள் தயாரிக்கும் பாடத்தைப் பெற்றுக்கொள்ள உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு வாசிக்கத் தெரியுமா என்பதில்தான் சந்தேகம்.

இது வீண் சந்தேகம் என்று தள்ளிவிட முடியாதபடி, சர்க்காரின் சொந்தக் காகிதங்களே சாட்சி சொல்கின்றன. ஆரம்ப வகுப்புகளில் ஐந்து கோடிக் குழந்தைகளுக்கு மேல் அடிப்படை வாசிப்பும் கணக்கும் கைவராமல் இருக்கிறார்கள் என்று 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கணித்தது. அதைச் சீர்செய்தாலொழியக் கொள்கையின் மற்றப் பகுதிகளால் மாணவர்களுக்குப் பிரயோஜனமில்லை என்ற கருத்தையும் ஒளிவுமறைவின்றி எழுதி வைத்தது. 2025க்குள் காரியம் முடிந்துவிட வேண்டும் என்றும் சொன்னது. கொள்கை வந்த மறு வருஷம் ஜூலை 5ஆம் தேதி ‘நிபுண் பாரத்’ இயக்கத்தைத் தொடங்கியபோது, கெடுவை 2026-27க்குத் தள்ளி வைத்தார்கள். ஆக, மூன்றாம் வகுப்பை முடிக்கும் ஒவ்வொரு குழந்தையும் பொருளறிந்து வாசிக்கவும் சில்லறைக் கணக்குகளைப் போடவும் தேர்ந்திருக்க வேண்டும் என்று எந்த வருஷத்தைக் குறித்துக் கொடுத்தார்களோ, அதே வருஷத்தில், அதே மூன்றாம் வகுப்பில், எடுத்த காரியம் முடிந்ததா என்று திரும்பிப் பார்க்கவும் அவகாசமின்றி, புதிய பாடமொன்றைக் கொண்டுவந்து நுழைக்கிறார்கள்.

காரியம் முடிந்திருக்கிறதா? பிரதம் ஸ்தாபனத்தார் 605 ஜில்லாக்களில் 17,997 கிராமங்களுக்குப் போய், வீடு வீடாக ஏறி, ஏறக்குறைய ஆறரை லட்சம் குழந்தைகளைக் கணக்கெடுத்து வெளியிட்ட 2024ஆம் ஆண்டு ‘அசர்’ அறிக்கையின்படி, கிராமப்புற அரசுப் பள்ளிகளின் மூன்றாம் வகுப்பில், இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக்கூடிய குழந்தைகள் நூற்றுக்கு 23.4 பேர். தனியார் பள்ளிக் குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டாலும் தொகை 27.1ஐத் தாண்டவில்லை. கழித்தல் தெரிந்தவர்கள் 33.7 பேர். 2022இல் 16.3ஆக இருந்த அரசுப் பள்ளி எண் 23.4 ஆனது அபிவிருத்திதான், மறுக்கவில்லை. ஆனால் நூற்றுக்கு எழுபத்தாறு குழந்தைகள் கரையில் நிற்கும்போது அபிவிருத்தி விழா எதற்கு? தமிழ்நாட்டின் எண் அகில இந்திய சராசரிக்கும் கீழே இருக்கிறது; நம் அதிகாரிகள் அந்த ஆய்வு முறையையே ஒப்புக்கொள்வதில்லை என்பது வேறு கதை.

அந்தக் கழித்தலைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால், கணக்கு பிடிபடாத குழந்தை பெரும்பாலும் வெறும் பலகையை நீட்டுவதில்லை. 35 என்று விடை எழுதி நீட்டுகிறது. இரண்டில் ஏழு போகாது என்று கண்டதும், ஏழில் இரண்டைக் கழித்து ஐந்து என்று போட்டுவிட்டு, ஐந்தில் இரண்டு போக மூன்று என்று பக்கத்தில் எழுதி, வேலை முடிந்ததென்று நிமிர்ந்து பார்க்கிறது. பத்துக் குச்சிக் கட்டு ஒன்றை அதன் கண்ணெதிரே அவிழ்த்து, கடன் வாங்குவது என்றால் இன்னதென்று காட்ட ஒருவருக்கும் பொழுதில்லை. 52 ரூபாய் கொண்டுபோய் 27 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் 35 ரூபாய் மிஞ்சுமா என்று நின்று யோசிக்கும் பழக்கமும் ஏற்படவில்லை. இப்படிப்பட்ட குழந்தையின் முன்னால், கேட்டதற்கெல்லாம் தயங்காமல் விடை சொல்லும் யந்திரமொன்றைப் பற்றிப் பிரசங்கம் செய்து, ‘அது சில சமயம் பிசகும், ஜாக்கிரதை’ என்று உபதேசிப்பதால் என்ன பயன்? தன் விடையைச் சந்தேகிக்கத் தெரியாத பிள்ளை, யந்திரத்தின் விடையை எவ்விதம் சந்தேகிக்கும்?

இவ்விடத்தில், நான் அடிக்கடி எழுதி வாசகர்களைச் சலிப்படையச் செய்திருக்கும் விஷயமொன்றை மறுபடியும் எடுக்க வேண்டியிருக்கிறது, பொறுத்தருள்க. சென்னை மாகாணத்துக்குக் கவர்னராக இருந்த ஸர் தாமஸ் மன்றோ, 1822இல் ஜில்லா கலெக்டர்களுக்கெல்லாம் உத்தரவு போகச் செய்து, ஊர் ஊராகப் பள்ளிக்கூடங்களையும் பிள்ளைகளையும் எண்ணச் சொன்னார். விவரங்கள் வந்து சேர வருஷங்கள் பிடித்தன. 1826 மார்ச் 10ஆம் தேதியிட்ட குறிப்பில் அவர் தொகுத்துக் கூறியபடி, 1,28,50,941 ஜனங்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. 1,88,650 பிள்ளைகள் பயின்றனர். ஐந்து முதல் பத்து வயது வரையுள்ள ஆண்பிள்ளைகளில் நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டோர் பள்ளிக்கூடம் போனார்கள் என்றும், வீட்டிலேயே பயில்வோரைச் சேர்த்தால் இது மூன்றில் ஒரு பங்கை நெருங்கும் என்றும் மன்றோ அபிப்பிராயப்பட்டார். சர்க்கார் பணம் பெரும்பாலும் ஒரு காசு இல்லை, கட்டடம் இல்லை, அச்சிட்ட பாடப் புத்தகமும் இல்லை. யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணை. கூலியாக நெல்லும் சில்லறையும் வாங்கிக்கொண்ட ஓர் உபாத்தியாயர். பரப்பி வைத்த மணல்.

அந்த மணலில் விரலால் எழுதிப் பழகிய பிள்ளை, கை தேறியபின் ஓலைக்கு வந்தது. மாலையில் எல்லாரும் எழுந்து நின்று முறை சொன்னார்கள். முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, மா என்றால் இருபதில் ஒன்று, மாகாணி என்றால் பதினாறில் ஒன்று என்று கீழ்வாய் இலக்கத்தையெல்லாம் எண்சுவடியிலிருந்து தலைகீழாக ஒப்பித்த அப்பிள்ளைகள், பத்துப் பன்னிரண்டு வயதில் கணக்குப்பிள்ளை வேலைக்கும் கடைக்கணக்குக்கும் போனார்கள். எழும்பூர் அநாதைச் சிறுவர் ஆசிரமத்துக்கு 1789இல் தலைவராக வந்த ஆண்ட்ரூ பெல் பாதிரியார், நம் ஊர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, அதைத் தம் பள்ளியிலும் புகுத்தி, மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை ஏற்பாட்டையும் அங்கே வளர்த்து, 1797இல் லண்டனில் புத்தகமாக எழுதி வெளியிட்டார். அதற்கு ‘மதராஸ் முறை’ என்று பெயர் வைத்து இங்கிலாந்தின் ஏழைக் குழந்தைகளுக்கு எழுத்தறிவித்தார்கள். ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் ‘மதராஸ் கல்லூரி’ என்ற பெயரில் ஒரு பள்ளி இன்றைக்கும் நடக்கிறது. நமக்கோ அந்தப் பெயரைக் கேட்டால் ஆச்சரியம் வருகிறது.

திண்ணையைப் புகழ்ந்தால் உடனே இரண்டு ஆட்சேபணைகள் வரும். அந்த 1,88,650 பேரில் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. தீண்டாமைக்கு ஆளானவர்களின் பிள்ளைகளுக்குத் திண்ணை பெரும்பாலும் மூடியே இருந்தது. உண்மை, அது பாபம். கோதண்டம் போட்டுப் பிள்ளைகளைக் கட்டித் தொங்கவிட்டதும் உண்மை, அது கொடுமை. ஆனால் உள்ளே வர முடியாதவர்களை உள்ளே அழைப்பதும் கோதண்டத்தை ஒழிப்பதும் ஒரு விஷயம். உள்ளே சொல்லிக்கொடுத்ததை ஒழிப்பது வேறு விஷயம். முதலிரண்டையும் செய்த நாம், மூன்றாவதையும் சேர்த்துச் செய்துவிட்டோம்.

பெய்ஜிங்கைப் பார், அங்கே 2025 செப்டம்பர் முதல் ஆரம்பப் பள்ளியிலும் வருஷத்துக்குக் குறைந்தது எட்டு மணி நேரம் செயற்கை நுண்ணறிவுப் பாடம் நடக்கிறது என்கிறார்கள் நம் நவநாகரிகர்கள். பார்த்தேன். இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் சுமார் 1,600 எழுத்துகளை அடையாளம் காணத் தெரிய வேண்டும் என்று அதே சீனத்தின் பாடத்திட்டம் விதிப்பதையும் பார்த்தேன். முதலாவதை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டு வருவதற்குக் கல்வி நிபுணர் எதற்கு? வகுப்பறையைத் திரைகளால் நிரப்பிய ஸ்வீடன் 2023இல் மனம் மாறி, அச்சுப் புத்தகத்துக்கும் கையெழுத்துக்கும் பணம் ஒதுக்கியதே, அதை ஏன் ஒருவரும் மேற்கோள் காட்டுவதில்லை?

‘கணினியே வேண்டாம், விளையாட்டாகவும் புதிராகவும் சொல்லிக்கொடுப்போம், சுற்றுப்புறப் பாடத்தோடு இணைத்துவிடுவோம்’ என்று சமாதானம் சொல்வோரும் உண்டு. வரிசைப்படுத்துவதும், வகை பிரிப்பதும், ஒரு காரியத்தைப் படிப்படியாக உடைத்துச் செய்வதும்தான் அந்தப் பாடம் என்றால், பல்லாங்குழி ஆடிய நம் பாட்டிமார் எல்லாரும் அதில் பண்டிதைகள். இருப்பதற்குப் புதுச் சட்டை மாட்டி, அதற்கொரு குழு, ஒரு கையேடு, ஒரு பயிற்சி முகாம், ஒரு சான்றிதழ் என்று விரிப்பது வியாபாரம், கல்வியல்ல. இதில் லாபம் காணப்போகிறவர்கள் யார் என்பது, கணினிக்கூடத்துக்கென்று தனிக் கட்டணம் வசூலிக்கும் பள்ளிகளின் விளம்பரப் பலகைகளைப் பார்த்தாலே விளங்கும். சி.பி.எஸ்.இ. பள்ளிகளின் ஆறாம் வகுப்பில் செயற்கை நுண்ணறிவு 15 மணி நேரப் பாடமாக ஏற்கெனவே இருந்து வருகிறது. அதன் பலனை அளந்து காட்டிவிட்டாவது கீழே இறங்கியிருக்கலாம்.

சரி, கற்பிக்கப்போகிறவர் யார்? 2024-25ஆம் ஆண்டின் சர்க்கார் புள்ளிவிவரப்படி, தேசத்தில் 1,04,125 பள்ளிகள் ஓராசிரியர் பள்ளிகள். அவற்றில் பயிலும் பிள்ளைகள் 33,76,769 பேர். கணினி வசதி நூற்றுக்கு 64.7 பள்ளிகளில்தான் உண்டு. ஐந்து வகுப்புகளையும் ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்து, ஒரு பக்கம் அகரம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே மறுபக்கம் வகுத்தல் போட்டுக்காட்டி, இடையில் சத்துணவுக் கணக்கையும் எழுதி, அதிகாரிகள் கேட்கும் விவரத்தைக் கைப்பேசியில் ஏற்றி அனுப்பும் அந்த ஒற்றை ஆசிரியையிடம் போய், யந்திரம் எவ்வாறு கற்கிறது என்பதையும் குழந்தைகளுக்கு விளக்குங்கள் அம்மா என்று சொல்ல, டில்லியில் ஒருவருக்கும் நாக்கூசவில்லை.

டில்லியை வைவதனால் சென்னை உத்தமமாகிவிடாது. 2022 ஜூன் 13ஆம் தேதி தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் நோக்கம் உயர்ந்தது. ஒன்று முதல் மூன்று வகுப்பு வரை வேறெதிலும் கவனம் சிதறாமல் வாசிப்பையும் கணக்கையும் பிடித்துக்கொள்வது என்ற அதன் அடிப்படையை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தைகளை நிலைவாரியாகப் பிரித்ததும் புத்திசாலித்தனம். பிறகு என்ன ஆயிற்று? மதிப்பீட்டைச் செயலியில் பதிவதிலேயே பாட வேளை கரைகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் முறையிடும் நிலை வந்தது. அதற்கு முன் செயல்வழிக் கற்றல் என்று அட்டைகளும் ஏணியும் வந்தன. 2012இல் முப்பருவ முறை வந்தது. 2018இல் புதுப் புத்தகம் வந்தது. ஒவ்வொன்றும் வேர் பிடிப்பதற்குள் அடுத்தது வந்து நின்றது. இரு மொழியா மும்மொழியா என்று டில்லியோடு மல்லுக்கு நிற்கும் நம் மாநிலம், ஒரு மொழியையாவது எட்டு வயதுக்குள் தங்குதடையின்றி வாசிக்க வைக்கும் விஷயத்தில் அந்த வீரத்தில் பாதியைக் காட்டியிருந்தால் போதும்.

என் கட்சி இதுதான்: ஐந்தாம் வகுப்பு முடியும் வரை, வாசிப்பு, எழுத்து, கணக்கு இம்மூன்றைத் தவிர வேறு பாடம் எதுவும் ஆரம்பப் பள்ளியின் கால அட்டவணையில் இடம்பெறக் கூடாது, திரையுள்ள எந்தச் சாதனமும், ஆசிரியரின் கைப்பேசி உட்பட, அந்த வகுப்பறைக்குள் நுழையக் கூடாது. இதைச் சுற்றறிக்கையாக அல்ல, சட்டமாகவே இயற்ற வேண்டும். மூன்றாம் வகுப்புச் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை மத்திய சர்க்கார் உடனே வாபஸ் பெற வேண்டும். அது நடக்கும்வரை, பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இன்று இரவு, இரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, உங்கள் பிள்ளையை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வாசித்துவிட்டால் சந்தோஷம். தடுமாறினால், நாளைக் காலையில் பள்ளிக்கூடம் போய், தலைமையாசிரியரிடம் அதை மட்டும் பேசுங்கள்.