பங்சாரில் பெய்யும் மழை எங்கே போகிறது?

பங்சாரில் எல்.ஆர்.டி. ஏறினால், அடுத்த நிலையமான அப்துல்லா ஹுக்கும் பக்கத்தில் கிள்ளான் ஆறு தெரியும். மழை விட்ட மாலைகளில் அது தே தாரேக் நிறத்தில் ஓடும். பெரும்பாலோர் கைப்பேசியிலிருந்து தலை நிமிர்வதில்லை. பொறியியல் படிக்கும் நானும் முதலாம் ஆண்டில் அப்படித்தான் இருந்தேன்.

தனியார் உயர்கல்வி விளம்பரங்களில் ‘ஏரிக்கரை வளாகம்’ என்பது இப்போது பெரிய கவர்ச்சி. எஸ்.பி.எம். முடித்த மாணவர்கள் அந்தப் படங்களில் மயங்குவது இயல்பு. ஆனால், தண்ணீர் ஓரத்தில் நிற்கும் ஒரு பொறியியல் கட்டடத்திடம் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: உன் கூரையில் விழும் மழை எங்கே போகிறது?

வெயிலையும் மழையையும் மதித்துக் கட்டியதற்கு நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் உண்டு. பேராக், ஸ்ரீ இஸ்கண்டாரில் உள்ள பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், கைவிடப்பட்ட ஈயச் சுரங்கங்களில் நீர் நிரம்பி ஏரிகளான நிலத்தில் அமைந்தது. நார்மன் ஃபாஸ்டரின் நிறுவனமும் உள்ளூர் ஜி.டி.பி. நிறுவனமும் வடிவமைத்த இந்த வளாகம், 2007இல் ஆகா கான் கட்டடக்கலை விருது பெற்றது. மெல்லிய எஃகுத் தூண்கள் தாங்கும் பிறை வடிவக் கூரைகளின் கீழ், பிற்பகல் மழையிலும் மாணவர்கள் நனையாமல் ஒரு வகுப்பிலிருந்து மற்றொன்றுக்கு நடக்கலாம். நடைபாதைக்குக் குளிர்சாதனம் தேவையில்லை.

அங்கே நிலம் 450 ஹெக்டர். பங்சாரிலோ மேடும் சிமெண்டும்தான். இங்கே விழும் மழை கால்வாய் வழியாகக் கிள்ளான் ஆற்றில் சேர்ந்து, ஷா ஆலாம், கிள்ளான் என்று கீழே போகிறது. 2021 டிசம்பரில் ஒரு மாத மழையையும் மிஞ்சிய மழை ஒரே நாளில் கொட்டியபோது, தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதை மறந்திருக்க மாட்டோம். அங்குள்ள எங்கள் அத்தை குடும்பம், படகு வரும் வரை இரவு முழுக்க மாடியில் காத்திருந்தது. வரவேற்பறையில் சேறு முழங்கால் அளவு நின்றது.

ஒரு சின்னக் கணக்கு. 2,000 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர். பிடித்து வைக்காவிட்டால் அவ்வளவும் உடனே கால்வாய்க்குப் போய்விடும். அந்தந்த வளாகமே நீரைத் தேக்கி மெதுவாக வெளிவிட வேண்டும் என்று சொல்லும் கையேட்டை, வடிகால் நீர்ப்பாசன இலாகா 2000லேயே வெளியிட்டது. 2012இல் திருத்தவும் செய்தது. நாங்கள் இதைத் தேர்வுக்குப் படிக்கிறோம். ஆனால், பாடம் நடக்கும் கட்டடத்தின் தேக்கத் தொட்டி எங்கே என்று கேட்டால், என் வகுப்பில் பாதிப் பேர் விழிப்பார்கள்.

பங்சார் பக்கம் ஆற்றோரத்தில் ஒரு பொறியியல் கட்டடம் எழுந்தால் எப்படி இருக்கலாம்? பழைய கம்பத்து வீடு போலக் கீழ்த்தளம் தூண்களில் நின்று வெள்ளத்துக்கு வழி விடட்டும். மின்கட்டுப்பாட்டு அறையும் ஆய்வுக்கூட இயந்திரங்களும் மாடிக்குப் போகட்டும். நீண்ட சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்க வேண்டும். ஆற்றின் அழகுக்காக மேற்கே முழுக்கக் கண்ணாடி வைத்தால், மின்கட்டணம் அந்த அழகை மறக்கடித்துவிடும். கூரை நீர் கழிப்பறைக்குப் பயன்படட்டும். எனக்கு இதில் மிகவும் பிடித்த யோசனை, குழாய்களை மறைக்காமல் விடுவது. எவ்வளவு நீர் வந்தது, எவ்வளவு வெளியேறியது என்று அளவுமானியைப் பார்த்து எழுதுவதே இரண்டாம் ஆண்டு மாணவர்களின் செய்முறைப் பாடமாகட்டும். பக்கத்திலுள்ள மலாயாப் பல்கலைக்கழகத்தில், வாட்டர் வாரியர்ஸ் என்ற குழு வர்சிட்டி ஏரியைச் சீராக்க உழைத்திருக்கிறது. ஏரியே அங்கு ஆய்வுக்கூடம்.

சிக்கல் பராமரிப்பில் இருக்கிறது. தொட்டியில் வண்டல் படிந்தால் கொள்ளளவு குறையும்; மூடி சரியில்லை என்றால் ஏடிஸ் கொசு குடியேறும், பிறகு டிங்கி. திறப்பு விழாவுக்குக் கிடைக்கும் பணம், ஐந்தாம் ஆண்டில் தொட்டியைத் தூர்வாரக் கிடைக்குமா என்பது சந்தேகமே. பந்தாய் டாலாமில் சுமார் 14 லட்சம் பேரின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் நிலத்தடியில் இயங்குகிறது, மேலே பூங்கா. அங்கே முழுநேர ஊழியர்கள் இருக்கிறார்கள். ஒரு கல்லூரிக் கட்டடத்தின் தொட்டிக்கு யார் பொறுப்பு என்பதை, வரைபடம் போடும் நாளிலேயே எழுதி வைக்க வேண்டும்.