ஊர் பார்க்கப் போகிறவர்கள்
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்)

‘சுற்றுலா’ என்ற சொல்லைக் கேட்டதும் நம் மாணவ நண்பர்களின் முகத்தில் தோன்றும் மலர்ச்சியை ‘அகமதிப்பீட்டுத் தேர்வு’ என்ற சொல்லால் ஒரே நொடியில் போக்கிவிடலாம். இந்த இரண்டையும் ஒன்றாக்கி, ‘களப்பயணம்’ என்று பெயரிட்டு, போய்வந்த பின் அறிக்கை எழுதித் தரவேண்டும் என்று எங்கள் துறையில் இவ்வாண்டு அறிவித்தபோது, மகிழ்வதா வருந்துவதா என்று தெரியாமல் வகுப்பே சிறிது நேரம் அமைதியாக இருந்தது. போகும் இடம் கம்பம் பள்ளத்தாக்கு. பார்க்கப் போவது பன்னீர் திராட்சை. தலைக்கு ஐந்நூறு ரூபாய். நாற்பத்திரண்டு பேரில் முப்பத்தொருவர் வந்தோம். வராத பதினொருவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

புறப்படுவதற்கு முந்தைய வாரம் நூலகத்தில் ஒரு பயணக் கட்டுரை கண்ணில் பட்டது. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில், பெர்த் நகருக்குத் தெற்கே சுமார் 270 கிலோமீட்டர் தொலைவில், மார்கரெட் ரிவர் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஒரு பக்கம் கடற்கரை, மறுபக்கம் திராட்சைத் தோட்டங்கள். காலையில் அலையில் பலகை மிதித்து விளையாடிவிட்டு, மாலையில் தோட்டத்தில் அமர்ந்து திராட்சை மது அருந்தலாம் என்று அந்தக் கட்டுரையாளர் உருகி உருகி எழுதியிருந்தார். எனக்கு அவர் உருக்கத்தைவிட வேறொரு செய்திதான் பிடித்தது. 1960களின் தொடக்கம்வரை அது பாலுக்கும் மரத்துக்கும் மட்டுமே பெயர் பெற்ற, யாரும் தேடிப்போகாத ஊர். ஜான் கிளாட்ஸ்டன்ஸ் என்ற வேளாண் அறிவியலார், அவ்வூரின் வெயிலையும் மழையையும் மண்ணையும் கணக்கிட்டு, பிரான்சு நாட்டின் போர்டோப் பகுதியோடு ஒப்பிட்டு, இங்கே திராட்சை நன்றாக வரும் என்று 1965இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அதைப் படித்த டாம் கல்லிட்டி என்ற இதய மருத்துவர் 1967இல் கொடி நட்டார். இன்று உலகமே அங்கே போகிறது. ஒரு கட்டுரை ஓர் ஊரையே மாற்றியிருக்கிறது! அறிவியல் மாணவர்களாகிய நாம் எழுதும் கட்டுரைகள் மதிப்பெண் பட்டியலைக்கூட மாற்றுவதில்லை என்பது வேறு கதை.

அந்த ஊருக்கு நான் போகப்போவதில்லை. கம்பத்துக்குப் போனேன்.

எங்கள் ஊர் டி. கல்லுப்பட்டி. பேரையூர், எழுமலை, உசிலம்பட்டி என்று போய் ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டும்வரை, பேருந்தின் ஜன்னலில் தெரிந்தது பெரும்பாலும் நான் பிறந்து வளர்ந்த அதே காய்ந்த உலகம்தான். தேனி தாண்டிச் சின்னமனூரை நெருங்கும்போது நிறம் மாறுகிறது. நெல், தென்னை, வாழை, அப்புறம் கல்தூண்களின் மேல் கம்பி கட்டிப் படரவிட்ட திராட்சைப் பந்தல்கள். மேற்கே கடலுக்குப் போகவேண்டிய நீரைப் பென்னிகுவிக் என்ற பொறியாளர் 1895இல் அணை கட்டி, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பிவிட்டதால் வந்த பசுமை அது. ஓர் ஆங்கிலேயப் பொறியாளரின் பிறந்த நாளான ஜனவரி 15இல் அந்த மக்கள் பொங்கல் வைத்துக் கொண்டாடுவதை நான் முன்பு சற்று வியப்போடு பார்த்ததுண்டு. எங்கள் ஊர்க் கண்மாய்க்கு மழை ஒன்றுதான் கணக்கு. அந்த வாய்க்காலில் ஓடிய தண்ணீரைப் பார்த்த பிறகு எனக்கு வியப்பில்லை, பொறாமைதான்.

மஸ்கட் ஹாம்பர்க் என்று நூல்கள் குறிப்பிடும் வகைதான் நம் பன்னீர் திராட்சை. 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் வழியாகத் தமிழகத்துக்கு வந்ததாகச் சொல்வார்கள். ‘கம்பம் பன்னீர் திராட்சை’ 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் கொடி இலையுதிர்த்து உறங்கிவிடும். ஆண்டுக்கு ஒரே அறுவடை. இங்கே கொடிக்கு உறக்கமே கிடையாது. கவாத்து வெட்டினால் புதுத் தளிர் விட்டு, ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம் தந்துவிடுகிறது. ஒருவர் தோட்டத்தில் வெட்டும்போது பக்கத்துத் தோட்டத்தில் அறுவடை நடக்கும். ஆகையால் ஆண்டு முழுவதும் அங்கே பழம் உண்டு. கொடிக்கு உறக்கமில்லை என்றால் அதைக் காப்பவருக்கும் இல்லை என்பதைத் தோட்டக்காரர் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன்.

பந்தல் ஆளுயரத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. குலைகள் தலைக்கு நேரே தொங்குகின்றன. வெளியிலிருந்து பார்க்க அழகோ அழகு. உள்ளே நின்று நாள் முழுவதும் கழுத்தை நிமிர்த்தி, கையை மேலே தூக்கி, கத்தரியால் குலை அறுத்துப் பெட்டியில் அடுக்குகிற பெண்களுக்கு அது எப்படி இருக்கும் என்று கேட்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. நாங்கள் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தோம். குலையைக் கன்னத்தில் வைத்து ஒன்று, வாயைத் திறந்து பழத்தின் கீழ் நின்று ஒன்று. எங்களில் ஒருவன் ஒரு பெரிய குலையை முறுக்கிப் பறித்தான். முறுக்கியதில் பக்கத்துக் கொப்பும் முறிந்து தொங்கியது. அருகில் அறுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா கத்தரியைத் தாழ்த்திவிட்டுச் சொன்னார்: “கேட்டிருந்தா நானே அறுத்துத் தந்திருப்பேன்ல, தம்பி.” அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும்.

இந்த இடத்தில் ஒரு வரலாறு நினைவுக்கு வருகிறது. போர்டோக் கலவை என்று நாம் பாடத்தில் படிக்கிறோமே, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூசணக்கொல்லி, அது எப்படிப் பிறந்தது தெரியுமா? பிரான்சில் சாலையோரத் தோட்டங்களில் போகிற வருகிறவர்கள் பழத்தைப் பறித்துத் தின்பதால், அதைத் தடுக்க விவசாயிகள் ஓரத்துக் கொடிகளின்மேல் அருவருப்பான நீலநிறக் கலவையைத் தெளித்து வைத்தார்கள். அப்போது அமெரிக்காவிலிருந்து வந்த அடிச்சாம்பல் நோய் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்தது. மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர், ஓரத்துக் கொடிகள் மட்டும் நோயின்றி நிற்பதை 1882இல் கவனித்தார். ஆராய்ந்து 1885இல் வெளியிட்டார். வழிப்போக்கர்களின் கைநீளம் உலகத்துக்கு ஒரு மருந்தைத் தந்தது. எங்கள் நண்பனின் கை நீண்டதால் கொப்பு முறிந்ததுதான் மிச்சம். இந்தக் கதையை அவனிடம் பேருந்தில் சொன்னேன். அவன் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

ஆனால் அவனைச் சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? என் கைப்பேசியில் அந்த அம்மாவின் படம் இருந்தது. முகத்தில் இலைநிழல் விழ, கைகளை உயர்த்தி நிற்கும் படம். அவரைக் கேட்காமல் எடுத்தது.

மதுரையிலிருந்து குற்றாலம் போகும் சாலை எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. சீசன் மாதங்களில் கார்கள் வரிசையாகப் போகும். தேநீருக்கு நிற்பார்கள், போய்விடுவார்கள். எங்கள் ஊரில் பார்க்க ஒன்றுமில்லை என்பது அவர்கள் முடிவு. நான் பத்தாம் வகுப்புப் படித்த ஆண்டு, அம்மா பருத்தி எடுத்துக்கொண்டிருந்த காட்டோரம் ஒரு கார் நின்றது. இறங்கியவர், “அக்கா, மடியில பஞ்சோட கொஞ்சம் இப்படித் திரும்புங்க” என்றார். “எதுக்குங்க சார்?” என்று அம்மா கேட்டார். “சும்மாதான், நல்லா இருக்கு.” படம் எடுத்தார், போனார். அன்றிரவு அம்மா கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது: “அந்தப் படத்துல நான் எப்படிடா இருந்தேன்? காட்டவே இல்லையே.” அந்த மனிதரை நான் பல ஆண்டுகள் மனத்துக்குள் வைது வந்தேன். கம்பத்தில் நானே அவராக இருந்தேன்.

பேருந்து புறப்படச் சற்று நேரம் இருந்தது. திரும்பிப்போய் அந்த அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். பார்த்துச் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். “அழிச்சிராத, இருக்கட்டும்” என்றார். பிறகு அரைக்கிலோ பழம் எடைபோட்டுக் கொடுத்தார். தோட்டக்காரரிடம் காசு கொடுத்தோம். பெரிய செயல் என்று இதைச் சொல்லவில்லை. காசு கொடுத்து வாங்கிய பழத்தை அன்று எங்களில் யாரும் கீழே எறியவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன்.

திரும்பும்போது பேருந்தில் ஒரு விவாதம். கம்பத்தையும் ஒரு மார்கரெட் ரிவராக, ஒரு நாசிக்காக ஆக்கினால் என்ன? மது ஆலைகள், தங்கும் விடுதிகள், வெளிநாட்டார் வருகை, விவசாயிக்கு நல்ல விலை. ஒரு கட்சி இப்படிப் பேசியது. குடியை வளர்க்கவா கல்லூரிக்கு வந்தோம் என்று மறுகட்சி. பன்னீர் திராட்சை நெடுநாள் தாங்காது, விலை இறங்கினால் வைத்திருந்து விற்க முடியாது. அதைச் சாறாகவோ மதுவாகவோ மாற்ற வழியிருந்தால் விவசாயி தப்பிப்பார் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆஸ்திரேலியக் கட்டுரையில் கோப்பையைச் சுழற்றி முகர்ந்து பார்ப்பவர் ஒருவகை. சம்பளநாளில் என் தாய்மாமாவைத் தேடி மாலை ஆறு மணிக்கு அத்தை சாலைக்கு வந்து நிற்பது மற்றொரு வகை. முதல்வகைக் குடியைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். இரண்டாம் வகையை அறிந்த வீட்டிலிருந்து வந்த எனக்கு, ‘மதுச் சுற்றுலா’ என்ற சொல் எளிதில் இனிக்காது. சாற்றுக்கும் உலர்பழத்துக்கும் முதலில் ஆலைகள் வரட்டும் என்பதே என் கட்சி. இதைச் சொன்னதும் பின்னிருக்கையிலிருந்து “காந்தியடிகள் வாழ்க!” என்று குரல் வந்தது.

கேலிதான். ஆனாலும் அதில் ஒரு பொருத்தம் உண்டு. எங்கள் ஊரில் காந்தி நிகேதன் ஆசிரமம் இருக்கிறது, 1940இல் தொடங்கப்பட்டது. இலண்டனில் கணக்காய்வும் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரமும் படித்த ஜே.சி. குமரப்பா, தம் கடைசி ஆண்டுகளில் அங்கேதான் வாழ்ந்தார். 1960 ஜனவரி 30இல் மறைந்தார். பனையில் கள் இறக்குவதைவிடப் பதநீர் காய்ச்சி வெல்லமாக்கினால் தொழிலாளியும் வாழ்வான், குடும்பமும் வாழும் என்று வலியுறுத்தியவர் அவர். எங்கிருந்தெல்லாமோ ஆய்வு மாணவர்கள் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு எங்கள் ஊருக்கு வருகிறார்கள். அந்த ஊரிலேயே பிறந்த நான், கல்லூரிக்கு வந்தபின், ஒரு பேராசிரியர் “உன் ஊரில் குமரப்பா இருந்தாரே, தெரியுமா?” என்று கேட்ட பிறகுதான் உள்ளே போய்ப் பார்த்தேன். பார்க்க ஒன்றுமில்லாத ஊர் என்று கார்க்காரர்கள் நினைத்ததில் என்ன குற்றம்?

இனி அந்தப் பதினொருவர். ஐந்நூறு ரூபாய் இல்லாதவர் ஆறு பேர். பணம் இருந்தும் வீட்டில் அனுமதி கிடைக்காத மாணவியர் ஐந்து பேர். ஆறு பேரும் ‘உடல்நிலை சரியில்லை’ என்றே எழுதிக் கொடுத்தார்கள். என் ஐந்நூறு ரூபாய் அம்மாவின் பருத்திக் கூலி என்பதால் எனக்கு அந்த நோய் நன்றாகத் தெரியும். வராதவர்கள் நூலகத்தில் பார்த்து அறிக்கை எழுதினார்கள். அவர்களில் ஒருவருக்கே முதல் மதிப்பெண். மகிழ்ச்சிதான். ஆயினும் கொடியின் கீழே நின்று கழுத்து வலிக்க மேலே பார்த்தது அந்த அறிக்கையில் இல்லை. களப்பயணம் பாடத்தின் பகுதி என்றால், நகரப் பேருந்தில் போய்ப் பகலிலேயே வீடு திரும்பக்கூடிய ஊர்களையும் துறைகள் எண்ணிப்பார்க்க வேண்டும் என்று பேராசிரியர்ப் பெருமக்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். தொலைவும் கட்டணமும் கூடினால்தான் பயணம் என்று எந்தப் பாடத்திட்டமும் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு எங்கே போகலாம் என்று துறையில் எழுத்துமூலம் கருத்துக் கேட்டார்கள். டி. கல்லுப்பட்டி என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். காலையில் கரிசல் காட்டில் பருத்தி. பத்து மணிக்குமேல் ஆசிரமம். பேருந்துக் கட்டணம் தவிர வேறு செலவில்லை. மோர் எங்கள் வீட்டில். அம்மாவிடம் சொன்னேன். “நாப்பத்திரண்டு பேருமா? அப்ப முந்தின நாளே பாலுக்குச் சொல்லணும்” என்றார். சிறிது நேரம் கழித்து, “படம் எடுத்தா இந்த தடவ காட்டச் சொல்லு” என்றார்.