வீசுவது நாம், வீழ்வது அவர் விருப்பம்

ரோல்பிளே எனப்படும், எழுத்தால் மட்டுமே ஆடப்படும் பாத்திர விளையாட்டில் "என் வாளை அவன் மீது வீசினேன்" என்று எழுதலாம். "அவன் தலை துண்டாயிற்று" என்று எழுதலாகாது. விலகுவதா, தடுப்பதா, வீழ்வதா என்பது அப்பாத்திரத்துக்கு உரியவரின் உரிமை. நம்மை நம்பியே அவர் அதை நம் முன் நிறுத்துகிறார், அது அமானிதம்.

"வெறும் எழுத்துதானே, இதில் என்ன அநீதி?" என்று கேட்கும் மாணவர்கள் எம்மிடமும் உண்டு. 1993ஆம் ஆண்டு, கலிபோர்னியாவின் கணினி ஒன்றில் இயங்கிய லாம்டாமூ என்னும் எழுத்து மாளிகையில், 'மிஸ்டர் பங்கிள்' என்ற பெயரில் ஆடியவர், சிறு நிரல் ஒன்றின் துணையால், பிறருடைய பாத்திரங்கள் இழிசெயல்களைத் தாமே செய்வதுபோல் திரையில் வரிகளை ஓடவிட்டார். எவரும் எவரையும் தொடவில்லை. ஆயினும் பாதிக்கப்பட்ட பெண்ணொருவர் அதைப் பற்றி எழுதும்போதே அழுதார். உறுப்பினர்கள் கூடி விவாதித்தும் முடிவு எட்டவில்லை. பின்னர் நிர்வாகி ஒருவர் தாமாகவே அக்கணக்கை நீக்கினார். நீக்கியது சரியே என்பது என் கருத்து. பலரும் கூடிப் பேசிய ஒன்றைத் தனியொருவர் முடித்ததுதான் நெருடல்.

தம் நிஜ வாழ்வில் இதனால் எந்த விளைவும் இல்லை என்று பங்கிள் வாதிட்டார். அவருக்கு இல்லைதான்.

நம் பிள்ளைகள் வாட்ஸ்அப் குழுக்களில் ஆடுகையில், எதிரில் இருப்பவர் பதில் எழுதும்வரை காத்திருக்கட்டும். "இப்படி எழுதலாமா?" என்று தனியே கேட்க அரை நிமிடம் போதும்.