செயலாளர் நாற்காலியிலிருந்து

சம்பளத்துக்குச் சேர்ந்த கம்பெனிக்கே தலைவரானவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், நெல்லைச் சீமையில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் எஸ். அனந்தராமகிருஷ்ணன். தாமிரபரணிக் கரையில், ஆழ்வார்திருநகரியில் 1905இல் பிறந்தவர். 1840இல் குதிரைவண்டி கட்டத் தொடங்கிய வெள்ளைக்காரக் கம்பெனி சிம்ப்சன். அதில் 1930களில் செயலாளராக நுழைந்தவர், அதையே தூணாக வைத்து அமால்கமேஷன்ஸ் குழுமத்தை வளர்த்தார். பிஸ்டன், டீசல் எஞ்சின், 1960இல் டாஃபே டிராக்டர். 1964இல் காலமானார். புதுக்கடை திறப்பவரைத்தான் நாம் தொழிலதிபர் என்று கொண்டாடுகிறோம். அடுத்தவன் தொடங்கியதை வரவு செலவு பார்த்துப் பெருக்குவது அதைவிடக் கடினம் என்பது என் கட்சி.

ஒரு மனக்குறை உண்டு. ஆலைகள் பெரும்பாலும் சென்னையில்தான் எழுந்தன. ஆற்றங்கரை நஞ்சைக்கு வந்தது சேறடிக்கும் டிராக்டர் மட்டும். கல்லிடைக்குறிச்சி சங்கரலிங்க ஐயர் தாழையூத்தில் சிமெண்ட் ஆலை வைத்தாரே என்பீர்கள். 1949இல் அது ஓடத் தொடங்கியதற்கு ஊர்ப்பாசம் மட்டுமா காரணம்? சுண்ணாம்புக்கல் அங்கேதானே கிடந்தது! கங்கைகொண்டானுக்கு டயர் ஆலை வந்ததோ இந்த நூற்றாண்டில்தான், அதுவும் சிப்காட் இடம் கொடுத்த பிறகு.